பூஜ்ஜியத் தளம்

பெட்ர்ஷல்காவில் பன்னிரண்டு மாடிக் குடியிருப்பு.
லிஃப்ட்டின் எந்திர அறை அதற்கும் மேலே, கூரையில்.
ஜனவரி. டான்யூப் பக்கமிருந்து வரும் காற்று
கதவிடுக்கில் விசில் பழகுகிறது.
கவிழ்த்த கிரீஸ் டப்பாமேல் மடிக்கணினி.
நாற்பத்து மூன்று வயதில்
நிரல் எழுதப் படிக்கிறேன்.
வியன்னாவிலிருந்து ஆள் வந்தால் காசு, ஜெல்மீரா,
நீயே படி என்றார் முதலாளி.

பழைய பலகையில் ரிலேக்கள் இருந்தன.
மாடிக்கு ஒரு டக்.
கண்ணை மூடிக்கொண்டே எங்கே நிற்கிறதென்று சொல்வேன்.
புதிய பலகை வாய் திறப்பதில்லை.
கட்டைவிரல் நகமளவு கறுப்புச் சில்லு,
அதற்குத் தெரிந்த சொல் இரண்டு:
உண்டு. இல்லை.
நிலவறையில், சைக்கிள்களுக்கும் குப்பைத் தொட்டிகளுக்கும் நடுவே
அது குடியிருப்பதாக நினைத்துக்கொள்கிறேன்.
அங்கே யாரும் வாக்கியம் பேசுவதில்லை.

ஒரு மாடி மேலே அசெம்பிளி.
ஏற்று. கூட்டு. தாவு. நில்.
மூச்சுக்கு ஒரு கட்டளை, முதலாளியைப் போல.
அசெம்பிளர் அதைச் சொல்லுக்குச் சொல்
கீழே சுமந்து இறக்கும் கூலியாள்;
பேரம் பேசமாட்டான்.

நான் எழுதுவது இன்னும் மேலே,
ஜன்னல் வைத்த மாடியில்.
கதவு மூடியிருந்தால் அழைத்த இடத்துக்குப் போ
என்று ஏறக்குறைய அப்படியே எழுதலாம்.
ஏறக்குறைய என்பதில்தான் வம்பு.

முதலில் கற்ற மொழியில்
சொல்லச் சொல்ல ஓடும் இன்டர்பிரிட்டர்.
இடறிய வரியில் விழும்,
அதுவரை செய்ததைச் செய்தபடியே விட்டுவிட்டு.
சில்லுக்கு எழுத வந்தபோது கம்பைலர்.
இது வேறு ரகம்.
கடைசி வரிவரை படிக்காமல் ஒரு படி இறங்காது.
நேற்றிரவு சொன்னது: இருபத்து மூன்றாம் வரியில் பிழை.
முக்கால் மணி நேரம் இருபத்து மூன்றை முறைத்தேன்.
குற்றவாளி இருபத்திரண்டு,
வாலில் அரைப்புள்ளி இல்லை.
ஒழுகும் குழாய் ஒரு வீட்டில்,
ஈரச்சுவர் இன்னொரு வீட்டில்.
மாடி மாடியாய் ஏறி இறங்குபவளுக்கு
இது முதலிலேயே தோன்றியிருக்க வேண்டும்.

அரைப்புள்ளி வைத்தேன்.
பிழை ஏதுமில்லை என்றது திரை.
சர்வீஸ் சாவியோடு ஓட்டோ உள்ளே நிற்க
ரேடியோவில் சொன்னேன்: மூன்றை அழுத்து.
லிஃப்ட் இரண்டில் நின்றது.
கதவு திறந்தால்
குளியல் அங்கியும் குப்பைப் பையுமாகத் திருமதி கொரெஞோவா,
எதிரே ஸ்பானரோடு ஓட்டோ.
இருவரும் மரியாதையாக வணக்கம் சொல்லிக்கொண்டார்களாம்.

சொற்குற்றம் பார்ப்பதோடு சரி, கம்பைலர்.
பொருட்குற்றம் அதன் சம்பளத்தில் சேராது.

டீபக்கரைத் திறந்தேன்.
இந்த ஒரு கருவியை மட்டும்
யாரும் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.
வரியோரம் சிவப்புப் புள்ளி வைத்தால்
ஓட்டம் அங்கே நிற்கிறது.
இரண்டு மாடிக்கு நடுவில் லிஃப்ட்டை நிறுத்தி
கதவைப் பிளந்து டார்ச் அடிப்பதேதான்.
ஒரு வரி நகர்த்து, பார்.
இன்னொரு வரி.
பக்கத்துக் கட்டத்தில் மாடி எண்:
ஒன்று.
இன்னும் கிளம்பவேயில்லை,
தரையிலேயே ஒன்று!

பொத்தான் பலகையில் தரைத்தளம் பூஜ்ஜியம்.
பிராட்டிஸ்லாவாவில் எல்லோரும் அப்படித்தான் எண்ணுகிறோம்.
நிரலுக்குள் நுழைந்ததும் நான் மட்டும்
விரல்விடும் குழந்தையாகிவிட்டேன்.

ஒன்றை அழித்துப் பூஜ்ஜியம் இட்டேன்.
பிறகு இரண்டு சாய்கோடு போட்டு
ஸ்லோவாக்கில் எழுதினேன்:
தரையில் நிற்பவர் இன்னும் ஏறவில்லை.

சாய்கோட்டுக்குப் பின்னால் வருவதைக்
கம்பைலர் தொடாது.
எல்லா மாடிக்கும் மேலிருக்கும் அந்தப் பேச்சைக்
கீழே கொண்டுபோக வழி தெரியாமல்
வாசலிலேயே விட்டுவிட்டு இறங்குகிறது.

மூன்று மூன்றானது. விடிய ஒரு மணி.

காலையில் வந்து பார்த்தால்
என் வரிக்கு அடியில்
அவனும் இரண்டு சாய்கோடு போட்டு
ஓட்டோ எழுதியிருக்கிறான்:
எட்டாம் மாடிக் கதவு உராய்கிறது.
எண்ணெய் தீர்ந்துவிட்டது, வாங்கி வா.